தேக்கு அலமாரிக்கா, அயனி அலமாரிக்கா?

மேலமருதூர் ஞானபோத வாசகசாலையில் இரண்டு அலமாரிகள் உண்டு. தேக்கு அலமாரி பெரியவர்களுக்கு. அயனி மரத்து அலமாரி இளையவர்களுக்கு. இவை போக ஓர் இரும்புப் பெட்டி. எந்த அலமாரிக்கு என்று முடிவாகாத புத்தகங்கள் அதில் கிடக்கும். அலமாரிச் சாவிகள் செயலாளர் ஜான்ரோஸிடம் இருந்தன. பெட்டிச் சாவி தலைவர் அய்யம்பெருமாள் பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. குளிக்கும்போதுகூட அவர் அதைக் கழற்றுவதில்லை என்பதில் ஊருக்கே பெருமை.

வாசகசாலை தொடங்கி முப்பத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் தீர்மானப் புத்தகங்கள் எட்டு நிறைந்து ஒன்பதாவது ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்திகள்: எண், தீர்மானம், நிறைவேற்றம். முதல் இரண்டு பத்திகளும் எறும்பு ஊர்கிற மாதிரி நெருக்க நெருக்க எழுதப்பட்டிருக்கும். மூன்றாவது பத்தியில் இதுவரை யாரும் பேனாவை வைத்ததில்லை. அந்தப் பத்தி எதற்கு என்று யாரும் கேட்டதும் இல்லை.

இந்த வாசகசாலைக்குத்தான் சிவதாணு கொல்லம் 1126-ஆம் ஆண்டு, அதாவது 1951, ஆனி மாதத்தில் ஒரு நாவலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். போயும் போயும் இருந்த ஒரே பிரதியை. பட்டபிறகு வருகிற புத்தி அவருக்கு மட்டுமா சொந்தம்?

சிவதாணுவுக்கு மராமத்து இலாகாவில் மழை அளக்கிற வேலை. தினமும் காலை எட்டு மணிக்குக் குளக்கரையில் நட்டிருக்கிற மழைமானியைத் திறந்து, விழுந்த தண்ணீரை அளந்து, நோட்டில் எழுதி, மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். மழை இல்லாத நாளில் பூஜ்யம் என்று எழுத வேண்டும். இருபது வருஷமாக வானத்தையே அண்ணாந்து பார்த்த மனிதருக்கு நாவல் எழுதத் தோன்றியதில் வியப்பில்லை. நாவலின் பெயர் ‘சந்திர மண்டலத்தில் கும்பப்பூ’.

கதை இதுதான். கால்வாய் வற்றி, மாசியில் அறுக்க வேண்டிய கும்பப்பூ நெல் பதராகிச் சாவியாகப் போன ஒரு வருஷம், நாஞ்சில் நாட்டு விவசாயி ஒருவர், கோயில் அடியந்திர விருந்துக்குச் சோறு பொங்குகிற பெரிய வார்ப்புகள் இரண்டைக் கவிழ்த்துப் பொருத்தி ஒரு வாகனம் செய்கிறார். மனைவி, மகன், மகளோடு சந்திரனுக்குப் போய் அங்கே வயல் திருத்தி நெல் விதைக்கிறார். மகள் பெயர் பொன்னம்மை. விளைச்சலோடு ஊர் திரும்புகிற நேரத்தில் பாரம் தாங்காமல் வாகனம் எழும்ப மறுக்கிறது. நெல்லை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ஆளை இறக்க வேண்டும். பதினொன்றாம் அத்தியாயம் அங்கே முடிகிறது.

சிவதாணுவின் மகள் தாணம்மாள் அந்தப் பதினொரு அத்தியாயங்களையும் அவர் எழுத எழுதத் தாள் தாளாகப் படித்தாள். வயது பதினாலு. பன்னிரண்டாவது அத்தியாயத்தை மட்டும் அவர் காட்டவில்லை. “பைண்டு பண்ணி, வாசகசாலையில நம்பர் போட்டு, சீல் வச்சு வரட்டும் மக்களே. பேரெழுதி எடுத்துப் படி” என்றார். அப்பன் எழுதிய புத்தகத்தை மகள் வாசகசாலையிலிருந்து எடுத்து வருகிற காட்சியை அவர் மனசுக்குள் பலமுறை பார்த்துவிட்டார். ஆசைதான். அந்த ஆசையில்தான் மண் விழுந்தது.

ஆவணியில் தாணம்மாளுக்கு இருமல் கண்டது. புரட்டாசியில் இருமலில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வடக்கே ஒரு க்ஷயரோக ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். மூன்று விலா எலும்பை எடுக்க வேண்டும், தை பதினாறாம் தேதி ஆப்பரேஷன் என்று பதில் வந்தது. பிழைக்குமா என்று சிவதாணு கேட்டார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பாயில் கிடந்த பிள்ளை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அப்பா, பொன்னம்மை திரும்பி வந்தாளா?”

“வந்தா மக்களே. நாலு பேரும் சொகமா வந்து வடசேரிச் சந்தையில எறங்குனாவொ.”

“பொய்யி. எனக்குச் சொகமில்லன்னு நீங்க மாத்திச் சொல்லுதியோ. வாசகசாலைக்குக் குடுத்த புஸ்தகத்தையே காட்டுங்கொ, நம்புகேன்.”

பொய்தான். எழுதியிருந்த கதையில் பொன்னம்மை திரும்பி வரவில்லை. “நெல்லு போட்டும், ஊரு பட்டினியில கெடக்கு, நான் இஞ்ச காவலுக்கு நிக்கேன்” என்று சொல்லி அவளே இறங்கிக்கொள்கிறாள். எழுதிய அன்று சிவதாணு அதைப் படித்துத் தானே கண் கலங்கி, நல்லா வந்திருக்கு என்று மீசையைத் தடவிக்கொண்டார். இன்றைக்கு நினைத்தால் அந்தக் கையை வெட்டிப் போடலாம் என்றிருந்தது.

அவருக்கு வேண்டியது பெரிய காரியம் எதுவும் இல்லை. புத்தகம் கையில் வர வேண்டும். ஒரு மணி நேரம் தனியாக இருக்க வேண்டும். கடைசித் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் ஒட்டி, அதே மையில், அதே கையெழுத்தில் பொன்னம்மையை ஊருக்குக் கொண்டுவந்துவிடலாம். பேனாவில் மை நிரப்பிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு வாசகசாலைக்குப் போனார்.

“முடியாது பாத்துக்கிடும்” என்றார் தலைவர் அய்யம்பெருமாள் பிள்ளை. “அது இப்பம் பரிசீலனையில இருக்கு.”

“நான் எழுதினதாக்கும் அண்ணாச்சி.”

“அதுக்கு? ஆசாரி கதவு செஞ்சாம்னு நம்ம வீட்டுக்குள்ள வந்து படுக்க முடியுமா? எழுதினவனுக்குப் புத்தகத்தில என்ன வே பாத்தியதை?”

பரிசீலனை புரட்டாசிக் கூட்டத்தில் தொடங்கியது. செயற்குழுவில் பதினோரு பேர். விதிப்படி, நூலைப் பரிசீலித்த ஒவ்வொருவரும் கடைசிப் பக்கத்தில் ‘படித்தேன்’ என்று எழுதிக் கையொப்பமிட்டு, வாசகசாலை முத்திரையை வைக்க வேண்டும். பதினோரு பேரும் முதல் வேலையாக அதைச் செய்து முடித்தார்கள். அதன் பிறகுதான் விவாதம். சிவதாணுவை வாசல்படிக்கு வெளியே நிற்க அனுமதித்தார்கள்.

தலைவர் எழுந்து பேசினார்: “நான் இந்த நூலைக் கையில தூக்கிப் பாத்தேன். நல்ல கனம். கனமிருந்தா அது பெரியவங்களுக்குள்ளது. ஆனா உள்ள மனுசன் பறக்கான்னு சொல்லுகாவொ. பறந்தா கொச்சுப் பிள்ளைகளுக்குள்ளது. கனமான ஒண்ணு எப்பிடிப் பறக்கும்? இதாக்கும் நம்ம முன்னால உள்ள கேள்வி.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு ஓர் உறுப்பினர் ஏழாம் அத்தியாயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதைச் சொன்னார். சந்திரனில் எடை ஆறில் ஒரு பங்குதானாம். அதனால் புருஷன் பெண்டாட்டியை ஒற்றைக் கையால் தூக்கி வரப்பைத் தாண்டி வைக்கிறானாம். பெண்டாட்டியைத் தூக்குவது பெரியவர் விஷயம். ஆனால் ஒற்றைக் கையால் தூக்குவது சிறுபிள்ளைத்தனம். ஏழாம் அத்தியாயத்தை மட்டும் நூல் கொண்டு தைத்து மூடிவிட்டு மேற்கொண்டு யோசிப்பது என்று தீர்மானம் ஆயிற்று. மூன்று பேர் கொண்ட துணைக்குழு கோணி ஊசியால் தைத்தது. தைத்ததற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க மற்றவர்கள் ஆசைப்பட்டதால் பிரித்தார்கள். பார்த்துவிட்டுத் தைத்தார்கள். வராதவர்கள் வந்து கேட்டதால் மறுபடி பிரித்தார்கள். புரட்டாசி முடிந்தது.

வீட்டில் தாணம்மாள் மெலிந்துகொண்டே போனாள். அவள் அம்மா வடிவாம்பாள் முட்டையும் பாலுமாகக் கொடுத்தாள், உடம்பில் ஒட்டவில்லை. “புஸ்தகம் வந்தாப்பா?” என்று பிள்ளை கேட்கும்போதெல்லாம், “அடுத்த கூட்டத்தில மக்களே” என்று சொல்லிச் சொல்லி சிவதாணுவுக்கு அந்த வார்த்தையே கசந்துவிட்டது.

ஐப்பசிக் கூட்டத்தில், நூலைப் பெரியவர் ஒருவருக்கும் இளையவர் ஒருவருக்கும் வாசித்துக் காட்டிப் பரீட்சை பார்ப்பது என்று முடிவாயிற்று. நல்ல யோசனைதான். பெரியவர் யார், இளையவர் யார் என்று யாரோ கேட்டுவைத்தார்கள். ஜான்ரோஸ் வாசகசாலை விதிகளான பைலாவை எடுத்து வாசித்தார்.

பைலா எழுதியது கொல்லம் 1094-இல். அப்போது நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் மருமக்கள் வழி நடப்பில் இருந்தது. குடும்பத்தின் மூத்த தாய்மாமன்தான் காரணவர். சொத்து, சொல், சாவி எல்லாம் அவர் கையில். அவர் கீழே இருக்கிற மருமக்கள் எல்லாரும் அனந்தரவர்; தலை நரைத்திருந்தாலும் அனந்தரவர்தான். அந்த ஏற்பாடு சட்டத்தில் ஒழிந்து இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. பைலாவுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. அதில் இப்படி இருந்தது: ‘பெரியவர் என்பது குடும்பத்துக் காரணவரைக் குறிக்கும். இளையவர் என்பது ஏனைய அனைவரையும் குறிக்கும்.’

அதன்படி இளைய வாசகராக, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கோலப்பன் பிள்ளை தேர்வானார். வயது அறுபத்தொன்று, ஆனால் தாய்மாமன் உயிரோடிருந்தார். பெரிய வாசகராக நல்லபெருமாள் தேர்வானான். வயது பதினொன்று. வைசூரியில் மூத்தவர்கள் எல்லாரும் போய்விட்டதால் குடும்பத்துக்கு அவன்தான் காரணவர். இருவரையும் எதிரெதிரே பெஞ்சில் உட்கார்த்தி ஜான்ரோஸ் வாசித்தார். பெரியவர் இரண்டாம் அத்தியாயத்தில் வாய் பிளந்து கேட்டார், மூன்றாம் அத்தியாயத்தில் தூங்கிப்போனார். இளையவர் சிரித்த சிரிப்பில் பொய்ப்பல் கழன்று மடியில் விழுந்தது. ‘பெரியவர் அமைதி காத்தார். இளையவர் நிதானம் இழந்தார். ஆகவே முடிவு சொல்வதற்கில்லை’ என்று குறிப்பு எழுதினார்கள். ஐப்பசி முடிந்து கார்த்திகையும் பாதி போயிற்று.

சிவதாணு ஒருநாள் தலைவரின் காலைப் பிடித்துக்கொண்டார். “ஒரு நாளைக்கு மட்டும் தாருங்கொ. எனக்கு வயசு நாப்பத்தாறு. வாற எலக்ஷன்ல எனக்கு வோட்டு உண்டு. டெல்லியில யாரு ஆளணும்னு சொல்லுக பிராயம் எனக்கு ஆச்சு அண்ணாச்சி. நான் பெரியவன் இல்லியா?”

“டெல்லியில ஆளுகது லேசான காரியம் வே. புத்தகம் எடுக்கது அப்பிடியா?” என்றார் தலைவர். “உம்ம மாமா வள்ளிநாயகம் பிள்ளை பூதப்பாண்டியில சொகமா இருக்காருல்லா? அவரு இருக்கது வரை நீரு இளையவர். பெட்டியில உள்ளத இளையவர் தொடப்பிடாது.”

வெளியே வந்தபோது ஜான்ரோஸ் பின்னாலேயே வந்தார். நல்ல மனிதர், சர்ச்சில் பாட்டுக் குழுவில் இருந்தவர்.

“என்னாலயும் ஒண்ணும் செய்ய ஒக்காது அண்ணாச்சி. நான் இஞ்ச பதினாலு வருஷமா செயலாளர். இதுவரை ஒரு புஸ்தகம் எடுத்ததில்ல. வேதக்காரன் பெரியவனா இளையவனான்னு பைலாவுல கிடையாது. ஆனா தூசி தட்டலாம். தட்டும்போ ரெண்டு வரி கண்ணுல படும். அப்பிடியே பதினாலு வருஷமாப் படிச்சிக்கிட்டு இருக்கேன். பெட்டிக்குள்ள தூசி தட்டவும் விடமாட்டாரு.”

சிவதாணு பூதப்பாண்டிக்கு நடந்தார். வழி நெடுக ஒரு யோசனை கூடவே வந்தது. அதை அவர் விரட்டினார். அது நாய்க்குட்டி மாதிரி மறுபடி வந்து காலைச் சுற்றியது. மாமாவுக்கு எண்பத்து நாலு வயசு. எடுத்து வளர்த்த மாமா. பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர், வேலை வாங்கித் தந்தவர். அவர் வீட்டுப் படி ஏறும்போது சிவதாணுவுக்குத் தன் முகத்தைத் தானே பார்க்கப் பிடிக்கவில்லை.

மாமா முழுக்கக் கேட்டார். பார்வை மங்கிய கண்ணால் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“நான் செத்தா நீ பெரியவன். பிள்ளைக்குப் புத்தகம் கெடைக்கும். அதானே மருமகனே?”

“மாமா, நான் அப்பிடி நெனச்சு வரல்ல.”

“நெனச்சுத்தான் வந்திருக்கே. நெனச்சா என்ன? பெத்தவனுக்கு வேற எதுதான் நெனப்பு வரும்? அழாத. உசிரோடயே ஒழிஞ்சு தாறேன், போதுமா?”

மறுநாளே பத்திரம் எழுதுகிறவரை வரவழைத்து, காரணவஸ்தானத்தை மருமகன் சிவதாணுவுக்கு விட்டுக்கொடுத்து ஒழிமுறிப் பத்திரம் எழுதிக் கைநாட்டுப் போட்டார். மார்கழிக் கூட்டத்துக்கு வில்வண்டி கட்டி நேரிலேயே வந்தார். தலைவர் பத்திரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“பெரிய மனுசன் வீடு தேடி வந்திருக்கியோ. சந்தோசம். ஆனா காரணவஸ்தானம் உசிரோட போவாது. போனதுக்கு மரணச் சீட்டு வேணும்.”

“அப்பம் எப்பம் வே நான் போணும்? தேதி சொன்னா தோதுபோலப் பாக்கலாம்” என்றார் மாமா.

அய்யம்பெருமாள் பிள்ளை இதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டினார். “அடுத்த கூட்டம் தை பத்து. அதுக்கு மின்ன ஆச்சுன்னா எங்களுக்கும் சௌகரியம்.”

மாமா வண்டியில் ஏறிச் சிரி சிரியென்று சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமினார். மார்கழி இருபத்து மூன்றாம் தேதி விடியற்காலையில், யாரையும் தொந்தரவு செய்யாமல், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

சிவதாணு தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார். மெய்யான அழுகைதான், வீட்டுப் பெண்கள்கூட அப்படி அழவில்லை. ஆனால் அழும்போதே அவருடைய விரல், பதினாறாம் நாள் அடியந்திரம் கழிய எத்தனை நாள், தை பத்துக்கு எத்தனை நாள் என்று மடங்கி எண்ணிக்கொண்டிருந்தது. அதைக் கண்டதும் கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டார். இனி எந்த ஜென்மத்தில் இந்தக் கணக்கு தீரும் என்று இருந்தது அவருக்கு.

தை ஒன்பதில் அடியந்திரம் கழிந்தது. தை பத்தில், மொட்டைத் தலையோடு, மரணச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசகசாலைப் படியேறினார். பன்னிரண்டாம் தேதி காலையில் திருநெல்வேலிக்குப் பஸ். அங்கிருந்து ரயில்.

கூட்டம் இரங்கலில் இருந்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். உட்கார்ந்ததும் தலைவர் தொண்டையைச் செருமினார்.

“காலஞ்சென்ற வள்ளிநாயகம் பிள்ளை அவாளுக்கு நம்ம வாசகசாலை செய்யக்கூடிய மரியாதை என்ன? அவரு கவலைப்பட்ட காரியத்த முடிச்சு வைக்கதாக்கும். நான் ராப்பகலா யோசிச்சேன். இந்த நூலை இதுவரை கேட்டது யாரு? சிவதாணு ஒருத்தர். கேட்ட சமயத்தில அவரு யாரு? இளையவர். இளையவர் கேட்ட நூல் யாருக்குள்ளது? இளையவருக்குள்ளது. ஆகவே அயனி அலமாரி.”

ஏகமனதாக நிறைவேறியது. கைதட்டினார்கள். சிவதாணு மரணச் சீட்டை நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

“நல்லதாப் போச்சு” என்றார் தலைவர் சீட்டை வாங்கிப் பார்த்து. “இனிமே நீரு பெரியவர். தேக்கு அலமாரியில எது வேணும்னாலும் எடும். இத மட்டும் தொடப்பிடாது. பெரியவங்க வந்து இளையவங்க நூலை எடுத்துட்டுப் போனா, இளையவங்க எப்பிடி வே வளருவாவொ?”

சிவதாணு அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்பத்தாறு வயதுக்காரர், அன்றைக்குப் பெரியவரானவர், பதினோரு பேர் முன்னால் வாய்விட்டு அழுதார். தலைவருக்கே என்னவோ போல் ஆகிவிட்டது போலும். “அழப்பிடாது வே. பிள்ளை இளையவதானே? அவ நேர்ல வந்து கையெழுத்துப் போட்டா எடுக்கலாம். புது நூல் முதல் தடவை வெளிய போவும்போ செயற்குழு கூட இருக்கணும். நாங்க எல்லாரும் வாறோம். பன்னெண்டாந் தேதி காலையில ஏழு மணி” என்றார்.

பன்னிரண்டாம் தேதி காலையில் பஸ்ஸுக்குப் போகிற வழியில் வண்டி வாசகசாலை முன்னால் நின்றது. தாணம்மாளைப் போர்வையில் சுற்றி, அப்பனும் அம்மையும் இரண்டு பக்கம் தாங்கி உள்ளே கொண்டுவந்தார்கள். செயற்குழு பதினோரு பேரும் வேட்டியில் கஞ்சிப்பசை விறைக்க வரிசையாக நின்றார்கள். பிள்ளை இருமியதும் பதினோரு துண்டுகளும் மூக்குக்கு ஏறின.

அவள் பேர் எழுதினாள். தலைவர் அரைஞாணிலிருந்து சாவியை எடுத்தார். நூல் இன்னும் அயனி அலமாரிக்குப் போயிருக்கவில்லை. பெட்டி திறந்தது. புத்தகத்தை வாங்க சிவதாணு முந்திக்கொண்டு கையை நீட்டினார். பையில் பேனா இருந்தது. பஸ்ஸிலாவது, ரயிலிலாவது, அவள் கண்ணயர்கிற நேரத்திலாவது.

“வாசகர் கையில மட்டும்” என்று அவர் கையை விலக்கினார் தலைவர்.

தாணம்மாள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நேரே கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். சிவதாணு கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பிறகு மெல்லக் கண்ணைத் திறந்து பார்த்தார். கடைசிப் பக்கத்தில் கதையே தெரியவில்லை. பதினோரு ‘படித்தேன்’, பதினோரு கையெழுத்து, பதினோரு ஊதா முத்திரை. ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்திக் குத்தி, எழுதியிருந்ததெல்லாம் அடியில் மூழ்கிப் போயிருந்தது.

“எம்மா! இத்தன பேரு படிச்சிருக்காவளா?” என்றாள் தாணம்மாள். முகம் மலர்ந்துவிட்டது. தலைவரை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க படிச்சியளா மாமா? பொன்னம்மை கடைசியில வந்தாளா?”

அய்யம்பெருமாள் பிள்ளை பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். “மக்களே, நான் தலைவராக்கும். நான் பொதுவாப் படிச்சேன். விவரமா இவரு படிச்சாரு.”

“நான் ஏழாம் அத்தியாயத் துணைக்குழு” என்றார் பக்கத்தில் நின்றவர். “தையல் மட்டும் நமக்கு.”

அவர் அடுத்தவரைப் பார்த்தார். அடுத்தவர் கூரையைப் பார்த்தார். பிள்ளையின் கேள்வி பதினோரு பேரையும் வரிசையாகச் சுற்றிவந்து, மறுபடி தலைவரிடமே நின்றது. அவள் விடவில்லை. “நாலு மாசமாப் பேசுனியோன்னு அப்பா சொன்னாவொ. ஒருத்தருக்கும் தெரியாதா? எனக்கு நேரமில்ல மாமா. பஸ்ஸு வந்திரும்.”

தலைவருக்கு நெற்றியில் வேர்த்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு வாசகர் அவரிடம் ஒரு புத்தகத்தைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. தமக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார்.

“ஜான்ரோஸே, தீர்மானப் புத்தகத்த எடும். எழுதும்: இந்த வருஷத்துத் தீர்மானம் எண் ஒன்பது. சந்திர மண்டலத்தில் இருந்துவரும் மேற்படி பொன்னம்மை என்னும் பெண், உடம்புக்கு யாதொரு சேதமும் இன்றி ஊர் திரும்பினாள் என்று இக்கூட்டம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது. முன்மொழிந்தது நான். வழிமொழியுகது?”

பத்துக் கைகள் உயர்ந்தன. ஜான்ரோஸ் நகல் எடுத்தார். பதினோரு பேரும் ஒப்பமிட்டார்கள். தலைவர் முத்திரையில் மையைத் தோய்த்து, ஓங்கிக் குத்தி, பிள்ளை கையில் கொடுத்தார். அந்த ஒரு நிமிஷம் மட்டும் சிவதாணுவுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தாணம்மாள் அதை இரண்டு தடவை படித்தாள். நாலாக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். பஸ் ஹார்ன் கேட்டது.

ஆஸ்பத்திரியில் அப்பனைக் கூட இருக்க விடவில்லை. சேர்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. மூன்று விலா எலும்பை எடுத்தார்கள். பிறகு காய்ச்சல் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. சிவதாணு காலை எட்டு மணிக்கு மழையை அளந்தார். தபால்காரன் வருகிற நேரத்துக்கு வாசலில் நின்றார். கடிதம் வராத நாட்களே அதிகம். அந்த நாட்களில் அவர் சோறு இறங்காமல் எழுந்துபோவார். மாமா பேரில் ஒரு விளக்கு ஏற்றி, நீங்களாவது சொல்லுங்கொ மாமா என்று அழுவார். பதினாலு மாசம் இப்படிப் போயிற்று.

அடுத்த வருஷம் பங்குனியில் தாணம்மாள் திரும்பி வந்தாள். ஒரு தோள் சரிந்து, உடம்பு ஒருபக்கம் ஒடுங்கியிருந்தது. ஆனால் தன் காலால் நடந்து பஸ்ஸிலிருந்து இறங்கினாள். வடிவாம்பாள் நடுத்தெருவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்றாம் நாள் பிள்ளை அப்பனைக் கூட்டிக்கொண்டு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

அய்யம்பெருமாள் பிள்ளை அவளைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “ஜான்ரோஸே, எடும் அந்தப் புத்தகத்த!” தீர்மானம் எண் ஒன்பதுக்கு நேரே, யாரும் தொடாத மூன்றாவது பத்தியில், ‘நிறைவேறியது’ என்று தம் கையாலேயே எழுதினார். எழுதிவிட்டுச் சபையைப் பார்த்தார். “வாசகசாலையால என்ன பிரயோஜனம்னு கேட்டானுவ. பாருங்கொ! பிள்ளை வரணும்னு தீர்மானம் போட்டோம், வந்திருக்கா.” பிறகு புத்தகத்தைக் குச்சியால் தள்ளி மூன்று நாள் வெயிலில் போடச் சொன்னார். நூலுக்கும் தீர்மானத்துக்கும் முரண் இருக்கிறதா என்று பார்க்க ஒரு துணைக்குழு அமைத்தார். அதுவரை புத்தகம் இரும்புப் பெட்டியில் இருக்கும்.

திரும்பி வரும்போது குளக்கரையில், மழைமானி பக்கத்தில், மூச்சு வாங்குவதற்காகத் தாணம்மாள் நின்றாள்.

“அவ வரல்ல, என்னப்பா?”

சிவதாணுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “யாரு மக்களே?”

“பொன்னம்மை. கடைசித் தாளைச் சன்னல் வெயிலுக்கு நேரா பிடிச்சா, சீலுக்கு அடியில உள்ள எழுத்துத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போன ரெண்டாம் நாளே படிச்சிட்டேன்.”

“ஆப்பரேஷனுக்கு மின்னயா?” அந்தப் பதினாறாம் தேதி முழுக்க, பிள்ளை பொய்யையாவது நம்பிக்கொண்டு கிடக்கிறாள் என்று நினைத்துத்தான் அவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஆமா. பயந்துபோய் ராத்திரி முழுக்க முழிச்சுக் கெடந்தேன். பொறவு தீர்மானத்த எடுத்துப் படிச்சேன். அவ வரல்லன்னு எழுதின தாளுலயும் சீல் இருந்து. வந்தான்னு எழுதின தாளுலயும் சீல் இருந்து. ரெண்டுல எது செரின்னு நானே பாத்துட்டு வாறேன்னு ஆப்பரேஷனுக்கு உள்ள போனேன்ப்பா.”